தமிழ் ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலை: எதை வாங்குவது, எதைப் பழகுவது

ஒரு மணி நேரத் தமிழ்ப் பேட்டியை எழுத்தில் இறக்கினால், பேசுபவரின் வேகத்தைப் பொறுத்து ஏறக்குறைய ஆறாயிரம் முதல் எட்டாயிரம் சொற்கள் வரும். இந்த வேலையைத் தருபவர்கள் பல தரப்பினர்: ஆய்வு மாணவர்கள், ஆவணப்படம் எடுப்பவர்கள், வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்கள், வழக்கறிஞர் அலுவலகங்கள், யூடியூப் சேனல்கள், பேச்சறி மென்பொருளுக்குத் தரவு திரட்டும் நிறுவனங்கள். கூலி பெரும்பாலும் ஒலிப்பதிவின் நிமிடக் கணக்கில்தான் பேசப்படும். நீங்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்பது அதில் சேராது. ஆகவே ஒரு மணி நேரப் பதிவை ஐந்து மணியில் முடிக்கிறீர்களா, பத்து மணியிலா என்பதுதான் உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கும். ஒரு கருவி அந்த நேரத்தைக் குறைக்குமென்றால் வாங்குங்கள், இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள்.

தெளிவான, ஒருவர் மட்டும் பேசும் பதிவுக்குப் பழகிய கை நான்கு ஐந்து மணி நேரம் எடுக்கும். புதியவருக்கு எட்டு, பத்து மணி நேரம் ஆவது இயல்பு. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் குழு உரையாடலுக்குப் பழகியவருக்கே எட்டு மணி நேரம் பிடிக்கும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹெட்ஃபோன்

பணம் போட வேண்டிய முதல் இடம் இது. காதை முழுதும் மூடும், பின்பக்கம் அடைத்த, கம்பியுள்ள ஹெட்ஃபோன் வேண்டும். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ், எம்40எக்ஸ், சென்ஹைசர் எச்டி 280 புரோ, சோனி எம்டிஆர் 7506 ஆகியவை ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குபவை, பேச்சைப் பிரித்துக் காட்டுவதில் நம்பகமானவை. தொடக்கத்துக்கு எம்20எக்ஸ் தாராளமாகப் போதும்.

பாட்டுக்கென்று விற்கும், அடித்தொனி தூக்கலான ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகாது. பேச்சில் உயிரெழுத்துகளின் ஆற்றல் கீழ் அலைவரிசைகளில் இருக்கிறது. ச, ட, த, க போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடக்கிறது. அடித்தொனி அதிகமானால் அந்தக் கூர்மை அமுங்கிவிடும். ‘கட்டினேன்’ என்றாரா, ‘கத்தினேன்’ என்றாரா என்று அதே இடத்தை ஐந்து முறை கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தொலைபேசி வழியே பதிவான பேச்சில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். பழைய வகைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்துகிறது, அதற்கு மேலிருப்பது பதிவிலேயே இருக்காது.

புளூடூத் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஒலித் தரம் மட்டுமல்ல. நிறுத்தி, பின்னுக்குப் போய், மறுபடி ஓட்டுவதை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை செய்யப் போகிறீர்கள். புளூடூத்தில் ஒவ்வொரு முறையும் ஒலி சற்றுத் தாமதமாக வரும். சில ஹெட்ஃபோன்கள் மௌனத்தில் உறங்கிவிட்டு, மறுபடி ஓட்டும்போது முதல் அசையை விழுங்கிவிடும். ‘போகலை’, ‘வரலை’ என்று எதிர்மறையைச் சொல் முடிவில் வைத்துப் பேசும் மொழியில், துண்டு துண்டாகக் கேட்கும்போது விழுங்கப்பட்ட ஒரு அசை முழுப் பொருளையும் திருப்பிப் போட்டுவிடும்.

நம் ஊர் வெக்கையில் செயற்கைத் தோல் காதுமெத்தைகள் வியர்வையில் ஊறி உரிந்துவிடும். மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய பருத்தித் துணி உறை போட்டால் ஆயுள் கூடும், காதும் எரியாது.

மடிக்கணினியில் ஹெட்ஃபோனைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் பதிவைக் குறை சொல்லும் முன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், நீங்கள் செருகியிருக்கும் பிளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லை என்று சந்தேகிக்க வேண்டும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். அதுவரை பேட்டரியில் ஓட்டலாம். சார்ஜர் இல்லாமலும் இரைச்சல் வந்தால் சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும், கணினியையே மாற்ற வேண்டியதில்லை.

ஒலி அளவில் கவனம் தேவை. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்பதைப் பாதுகாப்பான வரம்பாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேட்காத இடத்தில் ஒலியை ஏற்றிவிட்டு அப்படியே மறந்துவிடுவதுதான் இந்த வேலையில் காதைக் கெடுக்கும் பழக்கம். சத்தத்தைக் கூட்டுவதைவிட ஒலியைச் சுத்தம் செய்வது நல்லது. அதைக் கீழே பார்ப்போம்.

விசைப்பலகை: தமிழ்99

ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று அடித்துத் தமிழாக மாற்றும் முறையில்தான் பலர் எழுதுகிறார்கள். முகநூல் பதிவுக்கு அது போதும். நாளுக்கு ஐயாயிரம் சொல் அடிக்கும் வேலைக்குத் தமிழ்99 பழகியே ஆக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழக அரசின் ஏற்பைப் பெற்ற முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருமாறு அமைத்திருக்கிறார்கள். அதனால் இரண்டு கையும் மாறி மாறி உழைக்கும், ஒரே விரல் சோராது.

வேகத்தின் சூட்சுமம் தானாக விழும் புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய இணைகளிலும் அப்படியே. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டல். ‘வந்தான்’ என்பதற்கு வ, ந, த, ஆ, ன, புள்ளி என ஆறு. ஆங்கில எழுத்து வழியில் இதே சொல்லுக்கு எட்டு ஆகும். புள்ளி வேண்டாத இடத்தில், எடுத்துக்காட்டாக ‘நதி’ என்பதில் ந-வுக்குப் பிறகு, அகரத்தை ஒருமுறை தட்டினால் புள்ளி விழாது. இந்த ஒரு விதி தெரியாமல் ‘தமிழ்99 தப்பாக அடிக்கிறது’ என்று கைவிட்டவர்கள் நிறைய.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்புகளுக்குள் தமிழைச் சேர்த்து, விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்கலாம். மேக்கிலும் உள்ளேயே இருக்கிறது. தட்டச்சு நிலையத்தில் லோயர், ஹையர் முடித்தவர்கள் மாற வேண்டாம். பழைய தட்டச்சு அமைப்பிலேயே யூனிகோடில் (எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய பொது எழுத்துக் குறியாக்கத்தில்) எழுத என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விரலில் ஏற்கெனவே ஊறிய வேகத்தைத் தூக்கி எறிவது வீண்.

பழகும் முதல் இரண்டு வாரம் வேகத்தைப் பார்க்காதீர்கள். விசைப்பலகையைக் குனிந்து பார்க்காமல் தினமும் அரை மணி நேரம் நாளிதழ்ச் செய்தி ஒன்றைப் பார்த்து அடியுங்கள். குனிந்து பார்க்கும் பழக்கம் ஒட்டிவிட்டால் ஒலியைக் கேட்டுக்கொண்டே திரையைக் கவனிக்க முடியாது.

யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத சில தவறுகள் உண்டு. ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒ-வையும் ள-வையும் சேர்த்து அடிப்பது ஒன்று. துணைக்காலுக்கு (ா) பதில் ‘ர’ போடுவது இன்னொன்று. திரையில் சரியாகத் தெரியும், ஆனால் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. ஆய்வாளர்கள் உங்கள் கோப்பில் சொற்களைத் தேடித்தான் வேலை செய்கிறார்கள் என்பதால் இது சின்னத் தவறு அல்ல. சில அச்சகங்களும் இலங்கை வாடிக்கையாளர்கள் சிலரும் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் கேட்பார்கள். யூனிகோடில் அடித்து முடித்து, கடைசியில் எழுத்துரு மாற்றியில் போட்டுக் கொடுங்கள். நேராகப் பாமினியில் அடித்தால் எழுத்துப்பிழை திருத்தி உதவாது.

ஓட்டும் மென்பொருளும் பெடலும்

சாதாரண பிளேயரில் ஒலியை ஓட்டிவிட்டு, வேர்டுக்கு வந்து அடித்து, மறுபடி பிளேயருக்குப் போய் நிறுத்துவது நேரத்தைக் கொல்லும். கையை விசைப்பலகையிலிருந்து எடுக்காமல் ஒலியைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் வேண்டும்.

ஓடிரான்ஸ்கிரைப் உலாவியில் ஓடும், இலவசம். ஒலிக்கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. எஸ்கேப் விசையில் ஓட்டுவதும் நிறுத்துவதும், எஃப்1-இல் பின்னுக்குப் போவது, கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்தால் நேரக்குறி (பதிவின் எந்த நிமிடம், எந்த நொடி என்று காட்டும் குறி). நீங்கள் அடிப்பது உலாவியின் உள்நினைவில்தான் சேமிக்கப்படுகிறது. உலாவியைச் சுத்தம் செய்தால் எழுதியது மொத்தமும் போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை முழுவதையும் நகலெடுத்து வேர்டு கோப்பில் ஒட்டிவிடுங்கள்.

எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் கணினியில் நிறுவுவது. வேர்டில் அடித்துக்கொண்டிருக்கும்போதே எஃப்9-இல் ஓட்டலாம், எஃப்4-இல் நிறுத்தலாம், எஃப்7-இல் பின்னுக்குப் போகலாம். மடிக்கணினியில் இந்த விசைகளைத் தட்டினால் திரை வெளிச்சமோ ஒலியோ மாறினால், எஃப் விசைகளை நேரடியாக வேலை செய்யவைக்கும் எஃப்என் பூட்டைப் போட வேண்டும்.

பெடல் என்பது காலால் ஒலியை ஓட்டும் கருவி. இன்ஃபினிட்டி யூஎஸ்பி பெடலில் நடுவில் மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும், இடப்பக்கம் பின்னுக்கு, வலப்பக்கம் முன்னுக்கு. தொழில்முறைப் பெடல்களுக்கு எக்ஸ்பிரஸ் ஸ்கிரைபின் கட்டணப் பதிப்பு தேவைப்படும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் மாதமே பெடல் வாங்க வேண்டாம். விசைகளால் வேலை செய்து, தொடர்ந்து வேலை வருகிறதென்று தெரிந்த பிறகு வாங்கலாம். தட்டச்சு வேகம் குறைவாக இருக்கும்வரை பெடலால் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் அப்போது உங்களைத் தாமதப்படுத்துவது கைதான். டைல்ஸ் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டே போகும், அடியில் ஒரு ரப்பர் பாய் போடுங்கள்.

எந்த மென்பொருளானாலும் ஒரு அமைப்பை உடனே மாற்றுங்கள்: நிறுத்தி மறுபடி ஓட்டும்போது தானாக ஒன்றரை அல்லது இரண்டு நொடி பின்னுக்குப் போக வேண்டும். விட்ட சொல் மறுபடி காதில் விழும், கையால் பின்னுக்குத் தள்ளும் வேலையில் பெரும்பகுதி மிச்சம். வேகத்தை 70 அல்லது 80 சதவீதத்துக்குக் குறைக்கலாம். 60-க்குக் கீழே போனால் மெய்யெழுத்துகள் இழுபட்டுக் குழம்பும், கேட்பது கடினமாகுமே தவிர எளிதாகாது.

கணினிக்கு 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் போதும். மடிக்கணினியின் சொந்த விசைப்பலகையில் நாள் முழுக்க அடித்தால் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். தனி விசைப்பலகை ஒன்றைச் செருகி, திரையைப் புத்தகம் அடுக்கியாவது கண் உயரத்துக்கு ஏற்றுங்கள். உட்காரும்போது முழங்கை செங்கோணத்தில் இருக்கட்டும்.

ஒலியைச் சுத்தம் செய்தல்

வாட்ஸாப் குரல்செய்தி ஓபஸ் வடிவில் வரும், பழைய கைபேசிப் பதிவுகள் ஏஎம்ஆரில் வரும், புதியவை எம்4ஏ. இவற்றோடு மாறும் பிட் விகிதத்தில் சேமித்த எம்பி3 கோப்புகளும் வரும். அவற்றில் பின்னுக்குப் போனால் நேரக்குறி சில நொடி தவறலாம். எதுவானாலும் முதலில் வேவ் கோப்பாக மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 எம்பி ஆகும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் எம்4ஏ, ஏஎம்ஆர் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும். அது தலைவலியாக இருந்தால் விஎல்சி பிளேயரிலேயே மாற்றலாம்.

மூலக்கோப்பைத் தொடாதீர்கள். நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஆடாசிட்டியில் வரிசை இப்படி: முதலில் கீழ் அலைவரிசைகளைக் குறைக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். மின்விசிறியின் அதிர்வு, மேசை தட்டல், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் எல்லாம் கணிசமாகக் குறையும். அடுத்து, யாரும் பேசாத ஒரு நொடி இரைச்சலைத் தேர்ந்தெடுத்து ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ கருவியில் மாதிரியாகக் கொடுத்து, முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து 6 முதல் 9 டெசிபல் வரை குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும், மெய்யெழுத்துகளும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். கடைசியாக, கேள்வி கேட்பவர் குரல் உரக்கவும் பதில் சொல்பவர் குரல் தாழ்ந்தும் இருந்தால் கம்ப்ரெசர் போட்டுச் சமப்படுத்துங்கள்.

இரண்டு மைக்கில் பதிவான ஸ்டீரியோ கோப்பில் ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு பக்கம் இருக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் தடங்களைப் பிரித்து, ஒன்றை மௌனமாக்கி மற்றதைக் கேட்டால் முழுதும் விளங்கும். இந்த வசதி இருக்கும் கோப்பை அவசரப்பட்டு மோனோவாக்கிவிடாதீர்கள்.

மௌனப் பகுதிகளை வெட்டாதீர்கள். வெட்டினால் உங்கள் நேரக்குறிகள் வாடிக்கையாளரின் மூலக்கோப்போடு பொருந்தாது, வேலை முழுவதும் திரும்பி வரும்.

எழுத்தில் பேச்சை எவ்வளவு வைப்பது?

வேலையின் தரம் உண்மையில் பிரிவது இங்கேதான். விசைப்பலகையும் ஹெட்ஃபோனும் யாரும் வாங்கிவிடலாம். நாம் பேசுவது ஒன்று, எழுதுவது வேறு. அந்த இடைவெளியில் எங்கே நிற்பது என்பதை வேலை தொடங்கும் முன் முடிவுசெய்யாவிட்டால் முதல் பக்கத்தில் ‘போய்விட்டேன்’, பத்தாம் பக்கத்தில் ‘போயிட்டேன்’, இருபதாம் பக்கத்தில் ‘போய்ட்டேன்’ என்று வரும்.

ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகப் பாருங்கள். காதில் விழுவது அப்படியே:

‘அன்னைக்கு வந்து... நான் வந்து ஆஸ்பத்திரிக்கு போ- போலாம்னு கெளம்புனேன், அப்ப பாத்து மழ புடிச்சிகிச்சு.’

தடுமாற்றமும் நிரப்புச் சொல்லும் நீக்கியது:

‘அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு கிளம்பினேன், அப்ப பாத்து மழை பிடிச்சுக்கிச்சு.’

எழுத்து வழக்கு:

‘அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கிளம்பினேன், அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது.’

மூன்றாவதில்கூட ‘ஆஸ்பத்திரி’ ‘மருத்துவமனை’ ஆகவில்லை. விகுதியைத் திருத்தலாம், சொல்லை மாற்றக் கூடாது. மொழியியல் ஆய்வுக்கும் வழக்கு தொடர்பான பதிவுக்கும் முதல் வகைதான் வேண்டும். அங்கே திணறலும் ஒரு தகவல். பேட்டி, வாய்மொழி வரலாற்றுக்கு இரண்டாவது பொருந்தும். செய்தி, வசனவரிக்கு மூன்றாவதைக் கேட்பவர்கள் உண்டு. எது வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் வகையின் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், பலருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அவர்களுடைய பதிவிலிருந்தே இரண்டு வாக்கியத்தை மூன்று விதமாக எழுதி அனுப்பி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு பக்கத்தில் நடைத்தாள், அதாவது எதை எப்படி எழுதுவது என்ற முடிவுகளின் பட்டியல், தயாரியுங்கள். இலை-எலை, உடம்பு-ஒடம்பு, இடம்-எடம் இவற்றில் எது? ‘தலை’யா ‘தல’யா? வல்லெழுத்து மிகும் இடத்தில் பேச்சு வழக்கிலும் ஒற்றுப் போடுவதா? ‘ஃபோன்’, ‘போன்’ இரண்டில் எது? ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலா, ஆங்கில எழுத்திலா எழுதுவது? எண்களை எண்ணாலா, எழுத்தாலா? ‘அவன்’, ‘மரம்’ போன்ற சொற்களின் கடைசி ன், ம் பேச்சில் மூக்கொலியாகத் தேய்ந்துவிடும். அதை ‘அவன்’, ‘மரம்’ என்றே எழுதுவது நல்லது, இல்லையென்றால் படிக்கவே முடியாது.

தேய்ந்த முடிவுகள்தான் பொருளைக் கெடுக்கும் இடங்கள். ‘வந்தா’ என்று காதில் விழுவது ‘வந்தாள்’ என்பதாகவும் இருக்கலாம், ‘வந்தால்’ என்பதாகவும் இருக்கலாம். வாக்கியம் முடியும்வரை கேட்காமல் எழுதாதீர்கள். ‘பண்ணலாம்’, ‘பண்ணலை’ இரண்டும் வேகமான பேச்சில் மிக நெருங்கிவரும், ஒன்று சம்மதம், மற்றது மறுப்பு. எண்களில் ‘அம்பது’, ‘எம்பது’ இரண்டுக்கும் முதல் உயிர் மட்டுமே வேறு. கைபேசிப் பதிவில் ஐம்பதாயிரம் கடன் எண்பதாயிரம் ஆகிவிடும். தொகை, தேதி, வயது, எதிர்மறை வினை ஆகிய நான்கும் வரும் இடங்களை மஞ்சள் பூசிவைத்து, முடித்த பிறகு அவற்றை மட்டும் தனியாகக் கேட்டுச் சரிபாருங்கள்.

இரண்டு முறை கேட்டும் பிடிபடாத இடத்தில் மூன்றாம் முறையோடு நகர்ந்துவிடுங்கள். [கேட்கவில்லை 00:14:32] என்று குறியிடுங்கள். ஊகம் இருந்தால் [சிவகிரி? 00:14:32]. பத்து நிமிடம் கழித்து அதே பெயரைப் பேசுபவர் தெளிவாகச் சொல்வார், அப்போது திரும்பி வந்து நிரப்பலாம். ஊகத்தைக் குறியில்லாமல் எழுதுவது மன்னிக்க முடியாத தவறு. படிப்பவருக்கு அது ஊகம் என்று தெரிய வழியே இல்லை.

வட்டார வழக்கு தனிப் படிப்பு. மதுரைப் பக்கம் ‘வந்தாய்ங்க’, நெல்லையில் ‘வந்தாவ’, சென்னையில் ‘இன்னா கீது’, கொங்கில் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’. யாழ்ப்பாணத் தமிழில் ‘அவை வருகினம்’, ‘நான் வாறன்’, ‘கதைக்கிறது’. ‘இது’, ‘அது’ என்பவற்றோடு ‘உது’வும் வரும், அதை ‘இது’ என்று திருத்திவிடாதீர்கள். இலங்கையில் ஆங்கில ட ஒலியை ர, ற கொண்டு எழுதுவது வழக்கம்: ரொறன்ரோ, ரிவி. கனடாவிலும் பிரிட்டனிலும் இருக்கும் ஈழத்தமிழர் அமைப்புக்கு வேலை செய்தால் அவர்கள் எழுத்துமுறையைப் பின்பற்றுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத வட்டாரப் பதிவு வந்தால், முதல் பதினைந்து நிமிடம் எழுதாமல் கேளுங்கள். அப்படிக் கேட்டும் பாதி புரியவில்லையென்றால் வேலையைத் திருப்பிக் கொடுப்பதே நேர்மை.

இயந்திரம் எழுதித் தரும் முதல் வரைவு

ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருள் தமிழையும் எழுத்தாக்கும், உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். தெளிவான மேடைப்பேச்சுக்கு அதன் வரைவு உதவும். வட்டாரப் பேச்சில் திருத்துவதற்கு ஆகும் நேரம் புதிதாக அடிப்பதை மிஞ்சிவிடுவது உண்டு. மௌனம் வரும் இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தைச் சேர்க்கும், ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப எழுதும், பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கிவிடும். இவற்றில் முதலாவதுதான் ஆபத்தானது. சேர்த்த வாக்கியம் இலக்கணமாக இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஐந்து நிமிடத்தை இரண்டு வழியிலும் செய்து நேரம் பார்த்து முடிவெடுங்கள்.

இன்னொரு வழி, ஹெட்ஃபோனில் கேட்டதை நீங்களே தெளிவாகத் திருப்பிச் சொல்லிக் குரல்வழித் தட்டச்சில் ஏற்றுவது. கை வலி உள்ளவர்களுக்கு நல்ல மாற்று. இரண்டிலும் ஒரு எச்சரிக்கை: இணையத்தில் ஓடும் எந்தச் சேவையிலும் வாடிக்கையாளரின் ஒலியையோ உள்ளடக்கத்தையோ அவர் அனுமதியில்லாமல் ஏற்றாதீர்கள். பதிவில் இருப்பவர் தன் நோயையோ, குடும்பச் சண்டையையோ, போரில் இழந்தவர்களையோ பற்றிப் பேசியிருக்கலாம். இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அவர் பேசியது உங்களை நம்பி வந்தது.

சரிபார்க்கும் வரிசை

முதல் சுற்றில் நிற்காமல் கடைசிவரை அடித்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒலியை இயல்பு வேகத்தில் ஓட்டிக்கொண்டு எழுத்தைக் கண்ணால் பின்தொடருங்கள், கை சும்மா இருக்கட்டும், தவறு தெரிந்தால் மட்டும் நிறுத்துங்கள். இந்தச் சுற்றைத் தவிர்ப்பவர்கள்தான் வாடிக்கையாளரை இழக்கிறார்கள், ஏனென்றால் விட்டுப்போன வாக்கியம் வெறும் வாசிப்பில் தெரியவே தெரியாது. மூன்றாவதாக ஊர்ப்பெயர், ஆள்பெயர், துறைப்பெயர்களைத் தேடி ஒரே மாதிரியாக்குங்கள். கடைசியாக ஒலியில்லாமல் ஒருமுறை வாசிப்பு.

எழுத்துப்பிழைக்கு நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய வாணியும், சந்திப்பிழைக்கு அவருடைய நாவியும் நல்ல இணையக் கருவிகள். எழுத்து வழக்கில் முடித்த, ரகசியமில்லாத வேலைக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள். பேச்சு வழக்குக் கோப்பைப் போட்டால் பக்கம் முழுக்கப் பிழை என்றே காட்டும்.

அடிக்கடி வரும் நீண்ட தொடர்களை வேர்டின் ஆட்டோகரெக்டில் ஏற்றிவையுங்கள். ‘மாஆ’ என்று அடித்தால் ‘மாவட்ட ஆட்சியர்’, ‘ஊஒ’ என்றால் ‘ஊராட்சி ஒன்றியம்’. பேசுபவர் பெயர்களுக்கும் இப்படியே செய்யலாம்.

பயிற்சியும் விலையும்

பயிற்சியை ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியில் தொடங்குங்கள்: தெளிவான உச்சரிப்பு, ஒரே குரல், எழுத்து வழக்கு. பிறகு இருவர் பேசும் பேட்டி, அதன்பின் வெளியிடத்தில் எடுத்த பதிவு, கடைசியாகக் குழு உரையாடல். உங்களை நீங்களே சோதிக்க மோசில்லாவின் காமன் வாய்ஸ் தொகுப்பு உதவும். அதில் தமிழ் வாக்கியங்களின் ஒலியும் மூல எழுத்தும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஒலியைக் கேட்டு எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு, விட்ட சொல், சேர்த்த சொல், மாற்றிய சொல் மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். விடுவது அதிகமென்றால் பின்னுக்குப் போகும் நொடியைக் கூட்டுங்கள். மாற்றுவது அதிகமென்றால் காதை நம்பாமல் ஊகத்தை நம்புகிறீர்கள் என்று அர்த்தம். 98 சதவீதத் துல்லியம் என்பது காதுக்கு இனிமையாக இருக்கும், ஏழாயிரம் சொல்லில் அது 140 தவறு.

விலை சொல்லும் முன் பதிவின் நடுவிலிருந்து ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். தொடக்கம் எப்போதும் தெளிவாக இருக்கும், அதை வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். அந்த ஐந்து நிமிடத்தை முழுதாக முடித்து நேரம் பாருங்கள். கணக்கைக் காட்ட ஒரு தொகை: நிமிடத்துக்கு 30 ரூபாய் என்றால் ஒரு மணி நேரப் பதிவுக்கு 1,800. ஆறு மணியில் முடித்தால் மணிக்கு 300, பத்து மணி ஆனால் 180. எத்தனை பேர் பேசுகிறார்கள், நேரக்குறி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த நடை, எத்தனை நாளில் என்ற நான்கையும் எழுத்தில் உறுதிசெய்துகொண்டு விலை சொல்லுங்கள். நேரக்குறி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேண்டுமென்றால் அது தனி உழைப்பு, தனி விலை.

வேலை தருகிறோம் என்று சொல்லிப் பதிவுக் கட்டணமோ முன்பணமோ கேட்பவர்களிடமிருந்து விலகிவிடுங்கள். ‘துல்லியம் குறைந்தால் அபராதம்’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, பிறகு வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடி டேட்டா என்ட்ரி வேலைகளில் நெடுநாளாக நடக்கிறது, இங்கேயும் அதே வடிவில் வரும். உண்மையான வாடிக்கையாளர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். புதியவரிடம் நீங்கள்தான் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்க வேண்டும்.

கோப்பை அனுப்பும்போது நடைத்தாளையும், கேட்காத இடங்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். பதிவில் பேசியவரைத் தெரிந்த வாடிக்கையாளர் அந்தப் பட்டியலைப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார். அவர் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, திருத்தங்களும் முடிந்த பிறகு, உங்களிடமுள்ள ஒலிக்கோப்பு, சுத்தம் செய்த நகல், பென்டிரைவில் எடுத்துவைத்தது, மின்னஞ்சல் இணைப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழித்த விவரத்தை அவருக்கு ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.